ரூட்டருக்கு ஏன் இந்த மறதி?

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளை ஒன்று தெருவில் இருந்தால் போதும். அந்தத் தெருவில் உள்ள அத்தனை பெட்டிகளுக்கும் அதுதான் டாக்டர். டி.வி. ரிமோட், மிக்ஸி, இன்வெர்ட்டர், இப்போது வை-ஃபை ரூட்டர். எங்கள் பாடத்திட்டத்தில் மிக்ஸி இல்லை என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? "அப்புறம் மூணு வருஷமா என்னப்பா படிக்கிற?" என்று ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார்கள்.

அப்படி வரும் புகார்களில் ஒன்றைப் பற்றித்தான் இக்கட்டுரை. "தம்பி, நேத்து பாஸ்வேர்ட் மாத்தினேன். 'சேவ்'னு கூட வந்துச்சு. ராத்திரி கரண்ட் போயி வந்துது. காலையில பாத்தா பழைய பேரு, பழைய பாஸ்வேர்டு. நாலு தடவ மாத்திட்டேன்." செங்கல்பட்டு டவுனிலும் இதைக் கேட்கலாம். திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம் என்று கடலோரம் போகப் போக இன்னும் அதிகமாகக் கேட்கலாம். ஏன் அங்கே அதிகம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு காண்போம்.

இந்தப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "போர்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்பதுதான். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு காலி. உண்மையில் இப்படித் தூக்கிப் போடப்படும் பெட்டிகளில் பலவற்றுக்கு வேண்டியது இருநூறு முந்நூறு ரூபாய் அடாப்டர், அல்லது ஒரு சின்னப் பொத்தான். சிலவற்றுக்கு ஒரு பைசா செலவும் இல்லை. பணத்தைவிடப் பெரிய விஷயமும் ஒன்று இதில் இருக்கிறது. மாற்றிய பாஸ்வேர்டை மறந்துபோகும் ரூட்டர், தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய பாஸ்வேர்டுக்குத் திரும்பிவிடுகிறது. அது ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்ட். பூட்டை மாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிற கதைதான்.

சேவ் என்றால் என்ன நடக்கிறது?

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவிடுவோம். கம்ப்யூட்டர் மதர்போர்டில் சி.ஆர்.2032 என்ற காசு மாதிரியான பேட்டரி இருப்பது பலருக்கும் தெரியும். அதை வைத்து, "ரூட்டர் உள்ள பேட்டரி வீக் ஆயிடுச்சா?" என்று கேட்பார்கள். சாதாரண வீட்டு ரூட்டரில் அப்படி பேட்டரி கிடையாது. அதனால்தான் கரண்ட் போய் வந்தவுடன், நெட் கிடைக்கும்வரை, பல ரூட்டர்களின் கடிகாரம் 1970 ஜனவரி 1 என்று காட்டுகிறது. தேதி போவது நோய் அல்ல, அதன் பிறவிக் குணம். செட்டிங் போவதுதான் நோய்.

ரூட்டருக்குள் இரண்டு நினைவகங்கள் உண்டு. ஒன்று ரேம். மற்றது ஃபிளாஷ். மாமல்லபுரத்துக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம்: கடற்கரை மணலில் விரலால் எழுதினால் ரேம், கல்லில் உளியால் வெட்டினால் ஃபிளாஷ். நாம் 192.168.1.1 என்ற பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றி சேவ் பொத்தானை அமுக்கும்போது மூன்று காரியங்கள் வரிசையாக நடக்க வேண்டும். நாம் அடித்தது பிரவுசரிலிருந்து ரூட்டரின் ரேமுக்குப் போக வேண்டும். ரேமிலிருந்து ஃபிளாஷில் பதிய வேண்டும். அடுத்த தடவை பெட்டி எழும்போது ஃபிளாஷில் உள்ளதைப் படித்து, சரிதானா என்று பார்த்து, மறுபடி ரேமுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த மூன்றில் எது அறுந்தாலும் வீட்டுக்காரர் சொல்வது ஒரே வாசகம்தான்: "சேவ் ஆகல தம்பி."

இதில் இரண்டாவது காரியத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. நம் ஆய்வகத்து 8085 கிட்டைப் பார்த்த மாணவர்களுக்கு ஈப்ராம் நினைவிருக்கும். தலையில் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்த ஐ.சி. அதை அழிக்க வேண்டுமானால் கழற்றி, புற ஊதா விளக்கின் கீழ் கால் மணி, இருபது நிமிடம் வைக்க வேண்டும். எலக்ட்ரான்களைச் சுற்றிலும் காப்புப் படலம் உள்ள ஒரு தீவில் அடைத்து வைத்தால், கரண்ட் போனாலும் அவை அங்கேயே இருக்கும் என்ற கருத்தை 1967-இல் பெல் ஆய்வகத்தில் டாவன் காங், சைமன் சீ இருவரும் வெளியிட்டார்கள். ஈப்ராமுக்கும் ஃபிளாஷுக்கும் அதுதான் அடிப்படை. விளக்கெல்லாம் இல்லாமல் மின்சாரத்தாலேயே ஒரு பகுதி முழுவதையும் ஒரே அடியாக அழிக்கும் முறையை ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபூஜியோ மசுவோகா 1984-இல் உலகுக்கு அறிவித்தார். கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சம் மாதிரி ஒரே நொடியில் அழிகிறதே என்று அவருடைய சக ஊழியர் ஒருவர் வைத்த பெயர்தான் ஃபிளாஷ்.

அந்தப் பெயரிலேயே நம் பிரச்சினையும் இருக்கிறது. ஃபிளாஷில் ஓர் எழுத்தை மட்டும் ரப்பர் வைத்து அழித்து எழுத முடியாது. ஒரு பிளாக் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் திரும்ப எழுத முடியும். ரூட்டர்களில் வரும் எட்டுக்கால் ஃபிளாஷ் சிப்புகளில் இந்த பிளாக் பெரும்பாலும் 64 கே.பி. அதாவது நீங்கள் பாஸ்வேர்டில் ஓர் எழுத்தை மாற்றினாலும், பெயர், பாஸ்வேர்ட், நெட் கம்பெனி கொடுத்த யூசர் ஐ.டி. எல்லாம் இருக்கிற பக்கம் மொத்தமாக அழிக்கப்பட்டு மொத்தமாக எழுதப்படுகிறது. இதற்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் போதும். அந்த நேரத்துக்குள் மின்சாரம் தடுமாறினால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. பாதி எழுதிய பக்கம்தான் இருக்கும்.

பாதிப் பக்கத்தை ரூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஒவ்வொரு தடவை எழுதும்போதும் கடைசியில் ஒரு கூட்டுத்தொகை மாதிரியான எண்ணையும் சேர்த்து எழுதி வைக்கும். மளிகைக் கடைச் சீட்டில் கீழே 'ஆக' போடுவது போல. எழும்போது கூட்டிப் பார்க்கும். கணக்கு உதைத்தால், "இந்தப் பக்கத்தை நம்ப முடியாது" என்று ஒதுக்கிவிட்டு, தொழிற்சாலைச் செட்டிங்கை எடுத்துக்கொள்ளும். யாரிடமும் சொல்லாது. ஒரு சிவப்பு விளக்குகூட எரியாது. ஒரு சில மாடல்கள் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு பழையதையாவது காப்பாற்றும். விலை குறைந்த பெட்டிகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

எப்போது மறக்கிறது?

புகார் வந்ததும் ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள். ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "எப்ப மறக்குதுக்கா? சேவ் கொடுத்த உடனேயா, கரண்ட் போய் வந்தப்புறமா, இல்ல ஓடிக்கிட்டிருக்கும்போதே தானா மாறுதா?" இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வீட்டுக்காரருக்குப் பதில் தெரியவில்லை என்றால் நீங்களே செய்து பாருங்கள். ஏதாவது பெயரை மாற்றி சேவ் கொடுங்கள். பக்கத்தை மூடிவிட்டு, வேறு போனில் திறந்து பாருங்கள். இருக்கிறதா? இப்போது மெனுவில் உள்ள ரீபூட் மூலம் அணைத்து எழுப்புங்கள். இருக்கிறதா? அடுத்து சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். இருக்கிறதா? மெனு ரீபூட்டில் நிற்கிறது, சுவிட்சை அணைத்தால் போகிறது என்றால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். இரண்டிலும் போகிறது என்றால் ஃபிளாஷ் வரைக்கும் போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

சேவ் கொடுத்த உடனேயே பழையது வந்து நிற்கிறது என்றால், பெட்டியில் கோளாறே இல்லாமல் இருக்கலாம். பழைய ரூட்டர் பக்கங்கள் இன்றைய பிரவுசரில் சரியாக ஓடுவதில்லை. பொத்தான் அமுங்கும், தகவல் போகாது. வேறு பிரவுசரில், முடிந்தால் போனில் இல்லாமல் லேன் கேபிள் செருகிய கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள். இன்னொரு வேடிக்கை: பிரவுசர் தானாக நினைவில் வைத்திருக்கும் பழைய பாஸ்வேர்டை, நாம் கவனிக்காதபோது அந்தக் கட்டத்தில் நிரப்பிவிடும். நாம் மாற்றியது ஒன்று, சேவ் ஆனது வேறு. சில பழைய மோடங்களில் 'அப்ளை' என்றால் ரேமோடு சரி. ஃபிளாஷில் எழுத 'சேவ் அண்டு ரீபூட்' என்று தனிப் பக்கம் இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.

ஃபைபர் இணைப்பு வந்த பிறகு இன்னொரு குழப்பம் சேர்ந்திருக்கிறது. நெட் கம்பெனி வைத்த பெட்டி ஒன்று, நாம் கடையில் வாங்கிய ரூட்டர் ஒன்று. இரண்டும் வை-ஃபை வீசும். இரண்டுக்கும் விலாசம் 192.168.1.1 ஆகக்கூட இருக்கலாம். வீட்டுக்காரர் ஒரு பெட்டியில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, மற்ற பெட்டியில் தேடிக்கொண்டிருப்பார். ஒன்றை அணைத்துவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆய்வகத்தில் சிஸ்கோ ரூட்டரில் பழகியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஓடிக்கொண்டிருக்கும் கட்டமைப்பு வேறு, எழும்போது படிக்கும் கட்டமைப்பு வேறு. முதலதை இரண்டாவதில் நகல் எடுக்காமல் அணைத்தால் அன்றைய பிராக்டிகல் அம்பேல். அங்கே இன்னொரு நேர்த்தியான விஷயமும் உண்டு. பாஸ்வேர்ட் மறந்துபோனால் கன்ஃபிகரேஷன் ரிஜிஸ்டரை பதினாறடிமான எண்ணில் 2142 என்று மாற்றுவார்கள். 'எழுதி வைத்ததைப் படிக்காமல் எழு' என்று அதற்குப் பொருள். வேலை முடிந்ததும் 2102-க்குத் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால், அதன் பிறகு எத்தனை தடவை சேவ் செய்தாலும், ஒவ்வொரு தடவையும் ரூட்டர் வெறும் பலகையாகவே எழும். எழுதியது என்.வி.ரேமில் அப்படியே பத்திரமாக இருக்கும், படிக்காதே என்று சொல்லப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, கரண்ட் போகாமலேயே, சில மணி நேரத்திலோ மறுநாளோ செட்டிங் பழையபடி மாறுகிறது என்றால் கதை முற்றிலும் வேறு. நெட் கம்பெனி தன் பெட்டிகளைத் தூரத்திலிருந்தே நிர்வகிப்பதற்கு டி.ஆர்-069 என்ற ஒரு நெறிமுறை 2004-இல் வந்தது. பெட்டி அவ்வப்போது கம்பெனியின் சர்வரைக் கூப்பிட்டுப் பேசும். சர்வர் தன்னிடம் உள்ள செட்டிங்கை அதில் திணிக்கும். நாம் எழுதியதை மேலிடம் அழித்து எழுதிவிடுகிறது. இதைச் சோதிப்பது சுலபம். ஃபைபரைக் கழற்றிவிட்டு (வளைக்காமல், முனையைத் தொடாமல், மூடி போட்டு) செட்டிங்கை மாற்றுங்கள். சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். நிற்கிறதா? ஃபைபரைச் செருகிய கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறதா? அப்படியானால் பெட்டி நிரபராதி. கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, அவர்கள் சர்வரிலேயே மாற்றச் சொல்ல வேண்டும். அல்லது அந்தப் பெட்டியின் வை-ஃபையை விட்டுவிட்டு, அதன் பின்னால் நம் சொந்த ரூட்டரை வைத்துக்கொள்ளலாம்.

அடாப்டர் என்னும் குற்றவாளி

செங்கல்பட்டு டவுன் பக்கம் நான் பார்த்த பெட்டிகளில், கரண்ட் போய் வந்த பிறகு மறப்பவைதான் அதிகம். அவற்றில் முதல் சந்தேகம் அடாப்டர் மேல்தான் வர வேண்டும். இருபத்துநான்கு மணி நேரமும் சுவரில் சுடச்சுடத் தொங்குகிற பொருள் அது. உள்ளே உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் நாளாக ஆகக் காய்ந்துபோகும். அப்போது என்ன ஆகும் என்றால், சும்மா கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 12 வோல்ட் நன்றாகக் காட்டும். "அடாப்டர் ஓ.கே. சார்" என்று சொல்லத் தோன்றும். சுமை ஏறும்போதுதான் அது உட்காரும்.

சுமை எப்போது ஏறும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. வை-ஃபை பெயரையோ பாஸ்வேர்டையோ மாற்றி சேவ் கொடுத்தவுடன் பல பெட்டிகள் தம் ரேடியோ பகுதியை அணைத்து எழுப்பும். எழும்போது கரண்ட் இழுக்கும். ஃபிளாஷில் எழுதும் வேலையும் அதை ஒட்டியே நடக்கிறது. பலவீனமான அடாப்டர் அந்த நேரம் பார்த்துக் கால் வாரினால், பிராசஸர் ஒரு கணம் மயங்கி ரீஸ்டார்ட் ஆகும். பக்கம் பாதியில் நிற்கும். மற்ற நேரமெல்லாம் நெட் ஜம்மென்று ஓடும். அதனால் யாரும் அடாப்டரைச் சந்தேகிப்பதில்லை.

ஆகவே அளப்பதென்றால் பெட்டி ஓடும்போது அளக்க வேண்டும். மூடியைத் திறந்து, டி.சி. ஜாக்கின் சால்டர் புள்ளிகளில் மீட்டரை வைத்துக்கொண்டு, இன்னொருவரை சேவ் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். பதினொன்றரைக்குக் கீழே சரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. நொடியில் வந்து போகும் சரிவை மீட்டர் காட்டாமலும் போகலாம். ஆசிலோஸ்கோப் இருந்தால் நல்லது, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கா போக முடியும்? அதைவிடச் சுலபம், நல்ல அடாப்டர் ஒன்றை மாட்டிப் பார்ப்பது. வோல்ட் அதே இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அல்லது அதிகம். நடு முனை பாசிட்டிவா என்று இரண்டின் லேபிள் படத்தையும் பாருங்கள். 9 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகி, "முனை சரியா போகுது சார்" என்று சொல்லும் மேதைகளும் உண்டு.

புயல் காலத்தில் இது மோசமாகும். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி நாள்களில் கரண்ட் ஒரேயடியாகப் போனால் நல்லது. விட்டு விட்டு வருவதுதான் கெடுதல். பெட்டி எழ ஓரிரு நிமிடம் ஆகும். எழுந்து முடிவதற்குள் மறுபடி போகும். எழும்போதே எதையாவது ஃபிளாஷில் எழுதும் பழக்கமுள்ள மாடல்களுக்கு இது கண்டம். காற்று அடங்கி கரண்ட் நிலைக்கும்வரை ரூட்டரைச் சுவிட்சில் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். ரூட்டருக்கென்றே விற்கும் குட்டி யு.பி.எஸ். ஒன்றை வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

உப்பு

இப்போது கடலோரத்துக்கு வருவோம். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு தங்கும் விடுதி. பெயர் வேண்டாம். விருந்தினருக்கு ஒரு வை-ஃபை, அலுவலகத்துக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருந்தார்கள். பகலில் ஒழுங்காக இருக்கும். ராத்திரியில் பெட்டி தானாகவே தொழிற்சாலைச் செட்டிங்குக்குப் போய்விடும். அடாப்டரை மாற்றியாகிவிட்டது. புதுப் பெட்டியும் வாங்கியாகிவிட்டது. அது எட்டு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு அதே வேலையைக் காட்டியது. மேனேஜர் அண்ணன் என்னிடம், "தம்பி, இது ஏதோ காத்து கருப்பு வேலையா இருக்கும்போல" என்றார். பாதி சரி. காற்றின் வேலைதான்.

பெட்டி இருந்த இடம் வராந்தா ஜன்னலுக்கு மேல், நேராகக் கடலைப் பார்த்து. திறந்தால் ரீசெட் பொத்தானைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. ரீசெட் பொத்தானைப் பத்து நொடி அமுக்கினால் எல்லாம் அழியும் என்பது நமக்குத் தெரியும். பொத்தான் என்பது இரண்டு முனைகளைச் சேர்ப்பது, அவ்வளவே. அமுக்காமல் இருக்கும்போது அந்தக் கம்பியை ஒரு ரெசிஸ்டர் 3.3 வோல்ட்டுக்கு மேலே இழுத்துப் பிடித்திருக்கும். பொத்தானின் முனைகளுக்கு இடையே உப்புப் படலம் படிந்து ஈரமானால், அதுவே ஒரு ரெசிஸ்டர் ஆகிவிடும். அந்த இழுவையோடு போட்டி போட்டுக் கம்பியைக் கீழே தள்ளும். யாரோ விரலை வைத்து அமுக்கிக்கொண்டிருப்பதாகவே பிராசஸர் நினைக்கும்.

பகலில் ஏன் இல்லை, இரவில் ஏன்? சமையல் உப்புக்கு ஒரு குணம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்து திரவமாகிவிடும். அதற்குக் கீழே இருந்தால் காய்ந்த தூள்தான். காய்ந்த உப்பில் கரண்ட் போகாது. இந்தக் கரையில் இரவில் ஈரப்பதம் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும். மீட்டரை ஓம்ஸில் வைத்து, கரண்ட் இல்லாதபோது, அமுக்காத பொத்தானுக்குக் குறுக்கே அளந்து பாருங்கள். போர்டில் மற்ற வழிகளும் இருப்பதால் எண் கொஞ்சம் குழப்பும். ஆனால் சில கிலோ ஓம் காட்டி, வாயால் ஊதினால் இன்னும் இறங்குகிறது என்றால் ஆளைப் பிடித்துவிட்டோம்.

உப்பு கல்லையே விடுவதில்லையே! கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் மழுங்கிப் போனது அலையாலும் உப்புக் காற்றாலும்தான். தொல்லியல் துறையினர் அங்கே நனைத்த காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி, காயவிட்டு, அது உறிஞ்சிய உப்போடு உரித்தெடுக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களையும் நட்டு வைத்தார்கள். இரண்டும் நம் போர்டுக்கும் பொருந்தும் பாடங்கள். அதாவது, உப்பை எடுக்கத் தண்ணீர் வேண்டும். பல கடைகளில் தின்னரையோ ஐ.பி.ஏ. என்னும் ஆல்கஹாலையோ தொட்டுத் துடைத்துவிட்டு முடிந்தது என்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் ஃபிளக்ஸும் அதில் போகும். உப்பு அதில் அநேகமாகக் கரையாது, இடம்தான் மாறும். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரால், கரண்ட் முழுக்கக் கழற்றிய போர்டை மிருதுவான பிரஷ் வைத்துக் கழுவி, அதற்குப் பிறகு ஐ.பி.ஏ. தடவினால் தண்ணீரை அது விரட்டும். ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. இந்தப் பக்கத்துக் குழாய்த் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று சொல்லவா வேண்டும்.

விடுதிப் பெட்டியில் பொத்தானையே மாற்றினேன். அரித்துப்போனதைக் கழுவிப் பயனில்லை. பெட்டியை உள் அறைக்கு, கடலுக்கு முதுகு காட்டும் சுவருக்கு மாற்றச் சொன்னேன். வராந்தாவில் சிக்னல் கொஞ்சம் குறையும் என்றேன். மேனேஜர் அண்ணன் முகம் சுளித்தார். ஆனால் அந்த ராத்திரிகளில் அவர் வீட்டுப் பெட்டி எப்படித் திறந்து கிடந்திருக்கும் என்பதைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். தொழிற்சாலைச் செட்டிங்குக்குப் போனதும் விருந்தினர் வலையும் அலுவலக வலையும் ஒன்றாகிவிடுகின்றன. பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்தவர் யாரானாலும், பில்லிங் கம்ப்யூட்டரும் கேமரா ரெக்கார்டரும் இருக்கும் அதே வலைக்குள் வந்து நிற்கலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2017 ஜூலை இறுதியில் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். வாடிக்கையாளர்களின் பிராட்பேண்ட் மோடங்கள் ஏராளமாகச் செயலிழந்தன. பிரிக்கர்பாட் என்ற தீய நிரல், தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாத மோடங்களாகத் தேடி நுழைந்தது. நுழைந்து திருடவில்லை, நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே ஃபிளாஷில் குப்பையை எழுதி, பெட்டியைச் செங்கல்லாக்கும் வகை அது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மோடங்கள் என்று அதை ஏவியவரே உரிமை கொண்டாடினார். பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. மாற்றினாலும் மறக்கிற பெட்டியை வைத்திருப்பவருக்கு அந்த அறிவுரையால் என்ன பயன் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபிளாஷ் உண்மையிலேயே தேய்ந்துபோனால்?

அதுவும் உண்டு, ஆனால் அரிது. ஒவ்வொரு அழிப்பிலும் அந்தக் காப்புப் படலம் கொஞ்சம் தேயும். இந்த வகை சிப்புகளுக்கு ஒரு லட்சம் தடவை என்று தயாரிப்பாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். தினம் பத்து தடவை செட்டிங்கை மாற்றும் மனிதர் இருந்தாலும் இருபத்தேழு வருடம் ஆகும். ஆனால் நிமிடத்துக்கு ஒரு தடவை டேட்டாக் கணக்கை அதே பிளாக்கில் எழுதுகிற மாதிரி யாராவது ஃபர்ம்வேர் செய்துவிட்டால்? ஒரு நாளைக்கு 1,440. எழுபது நாளில் லட்சம் தாண்டிவிடும். ஓப்பன்டபிள்யூஆர்டி மாதிரி மாற்று ஃபர்ம்வேர் போட்டு விளையாடும் நண்பர்கள், ஓயாமல் எழுதும் லாக் கோப்புகளை ஃபிளாஷில் வைக்காமல் ரேமிலேயே விட்டுவிடுவது நல்லது. 4 எம்.பி. ஃபிளாஷ் உள்ள பழைய பெட்டிகளில் இன்னொரு தொல்லை: ஃபர்ம்வேர் போக எழுத இடமே மிஞ்சாது. எழுதப் பக்கம் இல்லாத நோட்டில் எதைச் சேவ் செய்வது?

எல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் மட்டும் ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றுங்கள். பெட்டியின் அடியில் உள்ள மாடல் எண்ணோடு வெர்ஷன் எண்ணும் பொருந்த வேண்டும். வி2 பெட்டிக்கு வி3 கோப்பை ஏற்றினால் அதோடு தீர்ந்தது. லேன் கேபிளில் செய்யுங்கள், வை-ஃபையில் வேண்டாம். நல்ல அடாப்டர் மாட்டிய பிறகு செய்யுங்கள், முன்னால் வேண்டாம். அதற்கு முன் நெட் கம்பெனியின் யூசர் ஐ.டி., பாஸ்வேர்ட், வி-லேன் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். செட்டிங் கோப்பை பேக்கப் எடுக்கும் வசதி மெனுவில் இருக்கும், அதையும் எடுத்துவையுங்கள். ஆனால் ஃபர்ம்வேர் மாறிய பிறகு அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றாமல் கையால் அடித்துவிடுவதே உத்தமம். பழைய கோப்போடு பழைய கோளாறும் சில சமயம் திரும்பி வரும். எழுதிய தாளை மடித்து பெட்டியின் அடியில் ஒட்ட வேண்டாம், பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.